மகள் வழிப் பேச்சு

மடவார் வளாகம் பகுதியில் ஏட்டு உக்கிரபாண்டி வீடு சத்தமில்லாத வீடு. ஓர் ஆடிப்பூரத்தன்று அவர் தேரோட்ட பந்தோபஸ்தில் நின்றார். தேவதானத்தில் மாமனார் இறந்துபோன சேதி வந்தும் எடுக்கிறதுக்குள் போய்ச் சேரவில்லை. அன்றோடு சண்முகத்தாய் புருஷனிடம் நேராகப் பேசுவதை விட்டாள். சமைப்பாள், காக்கிச்சட்டை தேய்த்து வைப்பாள். பேச்சு மட்டும் ஒரே மகள் அங்காளம்மாள் வழியாகத்தான்.

“ஏட்டி, சோறு ஆறுது. வேணும்னா வந்து திங்கச் சொல்லு.”

சின்னப்பிள்ளை அங்காளம்மாள் வாசலுக்குப் போவதற்குள் அதை மாற்றிவிடுவாள். “அம்மா ஒங்களுக்காக உக்காந்திருக்காப்பா, வாங்க.” அப்பாவின் வெடுக்கென்ற பதிலும் அடுப்படிக்குப் போகையில் பதமாகிவிடும். எந்த முகம் எந்தச் சொல்லைத் தாங்கும் என்பது அவளுக்கு அப்படித்தான் பிடிபட்டது.

எண்பத்தாறில் ராஜபாளையத்தில் கல்லூரி. காலை பஸ்ஸில் மில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்குவார்கள். நடுவில் கூடப் படிக்கிற நூர்னிசாவும் மாரியாத்தாளும் அவளுக்கு இடம் போட்டு வைத்திருப்பார்கள். நூர்னிசாவின் அக்கா கல்யாணத்துக்கு மாரியாத்தாள் போகாததில் இருவருக்கும் பேச்சு நின்றது, ஆளுக்கொரு ஜன்னல் பார்த்து உட்கார்ந்தார்கள்.

அங்காளம்மாளுக்குப் பழகிய மௌனம் அது. “வர முடியலையேன்னு மாரி அழுதா” என்று நூர்னிசாவிடம் சொன்னாள். “நீ இல்லாம கல்யாணமே நல்லா இல்லையாம்” என்று மாரியாத்தாளிடம். சீக்கிரமே மூவரும் பழையபடி ஒரே சீட்டில்.

பொறவு பேச்சுவாக்கில் குட்டு உடைந்தது. “மாரி அழவே இல்லையாம்ல. எல்லாம் நீயாச் சொன்னதா?” என்று நூர்னிசா விழுந்து விழுந்து சிரித்தாள். அங்காளம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டு நினைப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னாள். “அம்மா சொன்னதா நான் சொல்றது எதுவும் அம்மா சொன்னது இல்லப்பா.”

“தெரியும்த்தா” என்றார் நிமிராமல். “அவ கோவம் எனக்குத் தெரியாதா? நீ சொல்றது கேக்க நல்லா இருந்துச்சு.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. சண்முகத்தாய் வெளியே வந்து புருஷன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“தேரோட்டத்தன்னைக்கு லீவாவது கேட்டியளா?”

“கேக்கல. கேட்டிருக்கணும்.”

அதற்குப் பிறகு நடந்தது நல்ல சண்டை, அழுகையும் சேர்ந்து. அங்காளம்மாள் நடுவில் போகவில்லை.

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட பின்னும் அடிக்கடி அம்மா வீட்டுக்கு வருவாள். அப்பாவும் அம்மாவும் கத்தரிக்காய் விலைக்கெல்லாம் வாதாடிக்கொண்டிருப்பார்கள். அதைக் கேட்டபடியே திரும்பிப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள்.