வெறும் நெற்றி

குமுதாவின் கணவர் திருச்செல்வம் தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு மேலே இருந்த முனியாண்டி கோவிலைப் பாதை போடுவதற்காக இடிக்க வந்த அன்று, இயந்திரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். "எங்க பாட்டன் காடு வெட்டுனப்ப வச்ச சாமி. என் மேல ஏத்திட்டுப் போங்க" என்றார். அவரைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுக் கோவிலை இடித்தார்கள். மறுவாரம் போலீஸ் வந்தது. வழக்கில்லை, விசாரணையில்லை. இரண்டு வருஷம் தடுப்பு முகாமில் கிடந்தார்.

திரும்பி வந்தவர் பழையபடி லோரி ஓட்டினார், சாப்பிட்டார், தூங்கினார். திருநீறு மட்டும் பூசுவதில்லை. குளித்துவிட்டு வெறும் நெற்றியோடு வந்து நிற்பார். குமுதாவுக்கு அது பொறுக்கவில்லை.

"சாமிக்காக உள்ள போன மனுஷன் சாமி வேணாம்னு வந்து நிக்கிறீங்களே. லைனே சிரிக்குது லா!"

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாளடைவில் அவள் திருநீற்றுத் தட்டை நீட்டுவதை விட்டாள். பேச்சும் குறைந்தது. நெஞ்சுவலியில் அவர் போய்ச் சேரும்வரை அந்த மனத்தாங்கல் தீரவில்லை.

அவர் இறந்தபின் ஒருநாள் நளினி என்கிற இளம் வழக்கறிஞர் கோலாலம்பூரிலிருந்து வந்தாள். சாமிக்காகவோ எதிர்த்துப் பேசியதற்காகவோ அடைக்கப்பட்டவர்களின் கதைகளை அவளுடைய குழு திரட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கென்ன தெரியும்? அவரு ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்றாள் குமுதா.

"நீங்க பார்த்ததச் சொன்னா போதும் ஆன்ட்டி. யாரும் சொல்லலன்னா நடக்கவே இல்லன்னு ஆயிடும்."

அந்தப் பேச்சு குமுதாவை உறுத்தியது. தெரிந்ததைச் சொன்னாள். பிறகு மற்றவர்களைத் தேடித் தானே கிளம்பினாள். கைப்பேசியில் குரல் பதியக் கற்றுக்கொண்டாள். அதே கோவில் விஷயத்தில் மகனை முகாமுக்குப் பறிகொடுத்துப் பிறகு திரும்பப் பெற்ற வடிவம்மாள் வாசலிலேயே மறித்தாள். "பையன் இப்பத்தான் நல்ல வேலைல இருக்கான். பழசக் கிண்டாத, போயிடு."

கம்போங் ராஜா என்கிற ஊரில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் சுப்பன், திருச்செல்வத்தோடு ஒரே அறையில் அடைபட்டிருந்தவன். அவர் சாவுக்குக்கூட வீட்டுக்குள் வராமல் ரோட்டிலேயே நின்றுவிட்டுப் போனவன். குமுதா போனபோது முட்டைக்கோஸ் அடுக்கிக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"நீங்க ஒருநாள் வருவீங்கன்னு தெரியும் அண்ணி."

அவன் சொன்னது இதுதான். முகாமில் திருநீறு கிடையாது. திருச்செல்வம் தினமும் சுவரின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டி நெற்றியில் பூசிக்கொண்டார். அழி என்றார்கள், மாட்டேன் என்றார். இருட்டறையில் போட்டார்கள், வெளியே வந்ததும் மறுபடி பூசினார். அதன்பின் அவரைத் தொடவில்லை. அவர் கண்முன்னால் சுப்பனை அடித்தார்கள்.

"'நீ பூசற ஒவ்வொரு நாளும் இவனுக்கு அடி'ன்னாங்க. நான் 'நீங்க பூசுங்கண்ணே, நான் தாங்கிக்கிறேன்'னு கத்துனேன். என் விலா எலும்பு ஒடஞ்சதும் அண்ணே கையாலயே நெத்திய அழிச்சிட்டாரு. 'இனிமே பூசல, அவன விடுங்க'ன்னாரு."

குமுதா கேட்டாள். "வெளிய வந்தப்புறம் பூசியிருக்கலாமே, சுப்பா?"

"கேட்டேன் அண்ணி. 'ஒருவாட்டி வேணாம்னு சொல்லிட்டேன்டா, எந்த முகத்த வச்சிக்கிட்டு மறுபடி எடுக்கறது'ன்னாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ஒங்க முகத்துல முழிக்க முடியாமத்தான் ஓடி ஒளிஞ்சேன்."

திரும்பும் பஸ் வழியில் கியா பார்ம் சந்தையில் நின்றது. ஸ்ட்ராபெர்ரிப் பெட்டிகளோடு சுற்றுலாக்காரர்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அவர்கள் நடுவில் குமுதா வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் உட்கார வந்தவள் தயங்கி வேறு இடம் தேடிப் போனாள்.

சுப்பன் தன் பெயரை மறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நளினியின் குழு அவன் குரலைச் சேர்த்துக்கொண்டது. குமுதா இன்னும் வீடு வீடாகப் போகிறாள். ஆனால் எப்படிப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று இப்போது முதலில் கேட்பதில்லை.

"திரும்பி வந்தப்புறம் அவங்கள நாம எப்படி வச்சிருந்தோம்?" என்று கேட்கிறாள்.

சிலர் எழுந்து உள்ளே போய்விடுகிறார்கள். இரண்டாம் முறை போனபோது வடிவம்மாள் கதவைச் சாத்தவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். குமுதா கைப்பேசியை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.