வரப்பு கட்டிய கூடாரம்

இன்று காலை குன்னத்தில் திடீர் மழை. மாசி மாதத்தில் யார் எதிர்பார்த்தார்கள்? வாசலில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. பரணில் ஏறித் தார்ப்பாயைத் தேடினால் கையில் அகப்பட்டது பழைய நைலான் கூடாரம். ஆபத்துக்குப் பாவமில்லை என்று அதையே விரித்து மூடினேன். பூஞ்சணமும் உப்புமாக ஒரு வாடை மூக்கில் ஏறியது. மழை நின்ற பிறகும் கடையைத் திறக்க மனசில்லாமல் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

நடப்பது எனக்குப் புதிதில்லை. காலில் சக்கரம் கட்டியவன் என்றுதான் ஊரில் சொல்வார்கள். பூச்சிமருந்துக் கடை வைத்தவனுக்கு உட்கார நேரம் ஏது? குருத்தில் புழு விழுந்துவிட்டது என்று விடியுமுன்னே ஒருவர் போன் செய்வார். புழு ஞாயிற்றுக்கிழமை பார்க்குமா, நீங்களே சொல்லுங்கள். கல்யாணமான புதிதில் சாப்பிடும்போதும் போன் காதில்தான். என் மனைவி தேன்மொழி குழம்பை ஊற்றிவிட்டு, நான் பிசைகிறேனா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

தன் தம்பியிடம் கேட்டு அந்தக் கூடாரத்தை வாங்கிவந்தவளும் அவள்தான். வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடலோரக் காட்டை ஒட்டி அவள் தோழி வீட்டுத் தோப்பு இருந்தது. ஐப்பசியில் எவனாவது கடற்கரையில் கூடாரம் போடுவானா என்று கேட்டேன். போட்டோம். அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உயர்த்திப் பிடித்து, தீச்சட்டி எடுத்தவன் மாதிரி சவுக்கு மரங்களுக்கு நடுவே சுற்றினேன்.

அந்த ஆத்திரத்தில் தோப்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்தேன். எங்களுடையது மானாவாரி பூமி. மழை என்றால் எங்களுக்குத் தெரிந்த வேலை வரப்பை ஏற்றுவதுதான். விழுந்த சொட்டு வெளியே போகக் கூடாது. கூடாரத்தைச் சுற்றி அருமையாக ஒரு வரப்பு கட்டினேன். வேறு யாராக இருந்தாலும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியே விட்டிருப்பார்கள். நான் மேலே விழுந்ததையும் கீழே ஊறியதையும் சேர்த்துத் தேக்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பாய் மிதந்தது, அரிசிப் பை நனைந்தது. தேன்மொழி சிரித்த சிரிப்பு! அவள் அப்படிச் சிரித்து அதுவரை நான் பார்த்ததே இல்லை. ஊரில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று சொல்லி நானும் சிரித்தேன்.

மண்வெட்டியை வாங்கி அவளே வரப்பை உடைத்துவிட்டாள். மறுபடி நான் போனோடு கிளம்ப, கையைப் பிடித்தாள்.

"செத்த நேரம் சும்மா ஒக்காருங்களேன். ஒங்கள்ட்ட ஒன்னு கேக்கணும்."

ராமநாதபுரம் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் வேலை வந்திருந்தது. ஊர் திரும்பியதும் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் யார் வயலிலோ புழு விழுந்து போன் வந்திருக்கிறது. சேர்ந்தால் லீவு கிடைக்கும்போதுதான் வர முடியும். பாதி லீவு பஸ்ஸிலேயே போய்விடும்.

உட்கார்ந்தேன். முதலில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பெரம்பலூரில் தனியார் ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே பரீட்சைக்குப் படித்த கதையையெல்லாம் சொன்னாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இருட்டும்வரை பேசினோம். கால் எப்போது நின்றதென்று தெரியாது.

"நா போவட்டுங்களா?"

வேண்டாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. இவளை இப்போதுதானே பார்க்கிறேன்.

"போயி வேலையில சேந்துடு தேனு. நான் வந்து பாத்துக்கறேன்."

நானும் போய்வந்தேன், சீசனும் கடையும் விட்டவரைக்கும். அவள் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டாள். நல்ல பெயர் வாங்கியிருக்கிறாள். எங்களுக்குள் சண்டை ஒன்றுமில்லை, தினமும் போனில் பேசுகிறோம். ஆனால் அந்த மாதிரி ஒரு சாயங்காலம் பிறகு வாய்க்கவே இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் போ என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு இப்படித்தான் நடந்துகொண்டிருப்பேன்.

போன மாதம் பொங்கலுக்கு வந்திருந்தாள். காப்பி போடப் போனவள் அடுப்பங்கரையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள்:

"சக்கரை எங்கங்க வெச்சிருக்கீங்க?"