கதவடியில் வைத்த சீலை

என்னிடம் ஒரு பழைய சீலைத் துண்டு இருக்கிறது. மாம்பழ மஞ்சள், கரை கிழிந்தது. அதை நீளமாகச் சுருட்டி இரண்டு முனைகளையும் நூலால் கட்டி வைத்திருந்தேன். இரண்டாயிரங்களின் நடுவில் ஜேர்மனியின் பான் நகரில் நானும் மகளும் இருந்த அடுக்குமாடி வீட்டில், மீன் பொரிக்கும்போதெல்லாம் அது வாசற்கதவின் அடியில் கிடக்கும். மணம் படிக்கட்டுக்குப் போய்விடக் கூடாது. எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் பலவற்றில் இப்படியொரு துணி இருந்தது. கீழ்வீட்டு ஜேர்மன் அம்மா ஒருமுறை மூக்கைப் பொத்தியபடி எங்கள் கதவைக் கடந்து போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அந்தத் துணியைத் தொடும்போது மேல்வீட்டு அண்ணையின் முகம் வருகிறது. பால் தொழிற்சாலைகளுக்கான தொட்டிகளை இருபது வருடம் வெல்டிங் செய்து ஒட்டியவர். வெளிச்சம் இல்லாத இடத்திலும் கண்ணைச் சுருக்கியே பார்ப்பார். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். பேச்சு குறைவு, பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார்.

மகள் அப்போது உலோக வேலைக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியில் இரண்டாம் வருடம். சைக்கிள் ஒன்றைத் தன் கையாலேயே ஒட்டிச் செய்ய வேண்டுமென்று அவளுக்கு ஆசை. அதற்கு டிக் வெல்டிங் பெட்டி வேண்டும் என்றாள். இங்கே அதை விக் என்கிறார்கள். "மற்றது மாதிரிப் பொறி பறக்காது அம்மா, சத்தமும் இல்லை. ஆர்கன் வாயு சுத்திவரக் காவல் நிற்கும்" என்று எனக்கு விளக்கினாள். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவள் நான். ஆர்கன் என்றதும் மனம் ஆறியது. எதனோடும் சேராத, எரியாத, நஞ்சில்லாத வாயு. வகுப்பில் எத்தனை தரம் அப்படிச் சொல்லியிருப்பேன்!

பெட்டியைத் தெரிவு செய்வதில்தான் எனக்குத் தலை சுற்றியது. மூன்று வாரம் சாப்பாட்டு மேசை முழுவதும் விளம்பரத் தாள்கள். மலிவான ஒன்று, ஆனால் கம்பி முனையை இரும்பில் உரசித்தான் தீ எழுப்ப வேண்டும். இன்னொன்று பொத்தானை அமர்த்தினால் பற்றும். மூன்றாவது அலுமினியமும் ஒட்டும், விலையோ மற்றதைப் போல இரண்டு மடங்கு. பழைய பெட்டி ஒன்றும் கண்ணில் பட்டது, அது வீட்டு மின்சாரத்தில் ஓடாதாம். கடைக்காரர் அம்பியர் பற்றிச் சொன்னார், எனக்கு இலக்கங்கள் மட்டும் காதில் விழுந்தன. மலிவானதை வாங்கினால் பிள்ளைக்கு ஷொக் அடிக்குமோ, கூடியதை வாங்கினால் வீட்டு வயர் எரியுமோ என்று படுக்கையில் புரண்டேன். கடைசியில் தாள்களை அள்ளிக்கொண்டு அண்ணையிடம் போனேன்.

"பிள்ளை அலுமினியம் ஒட்டப் போறாளோ?"

"இல்லை அண்ணை, இரும்புச் சைக்கிள்."

"அப்ப இந்தப் பெரிய விலைக்காரன் வேண்டாம். உரஞ்சிறதும் வேண்டாம், பழகிறவைக்குக் கரைச்சல். நடுவிலை இருக்கிறது காணும். மிச்சக் காசுக்கு நல்ல முகமூடி வாங்கிக் குடுங்கோ, கண் ஒரு சோடிதான்." தாள்களை அடுக்கித் தந்துவிட்டுக் கேட்டார்: "எங்கை வைச்சு ஒட்டப் போறாள் தங்கச்சி?"

"கெல்லரிலை."

"யன்னல் இருக்கோ?"

"ஓம், இருக்கு."

இருந்தது. கெல்லர் என்கிற அந்த நிலக்கீழ் அறையின் மேல்மூலையில், பழைய அலுமாரிக்குப் பின்னால், சாயம் பூசி இறுகிப்போன ஒரு சின்ன யன்னல். நான் சொன்னது பொய்யில்லை. அவருடைய கேள்வி யன்னலைப் பற்றியதல்ல என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பெட்டி வந்தது. கூடவே அவளின் இடுப்புயரத்துக்கு ஒரு வாயு உருளை. முதல் மாதம் நன்றாகப் போனது. ஒட்டிய துண்டுகளைக் கொண்டுவந்து விரலால் தடவிக் காட்டுவாள். மீன் செதில் அடுக்கினதுபோல இருக்கும். ஒரு சனிக்கிழமை பின்னேரம் தேநீர் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கெல்லர் கதவின் கீழிடுக்கால் சுட்ட இரும்பின் மணம் வருவதைக் கவனித்தேன். கீழ்வீட்டு அம்மாவின் வாசல் அந்தப் படிக்கு நேர் மேலே. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சீலைச் சுருளை எடுத்து வந்தேன். வெளிப்பக்கத்தில், இடைவெளியில்லாமல், காலால் நெருக்கி வைத்தேன். வைத்தபின் நிம்மதியாகப் படியேறினேன் என்பதும் நினைவிருக்கிறது.

முந்திய நாளிலிருந்தே உருளையின் இணைப்பில் வாயு கசிந்துகொண்டிருந்ததாம். மணமில்லை, நிறமில்லை. காற்றைவிடப் பாரமானது; தரையில் தேங்கி, மூச்சுக்கான காற்றை மேலே தள்ளிவிட்டது. மகள் தரையில் குந்தியிருந்து சைக்கிளின் கீழ்மூட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

தன் கெல்லர் அறையில் உருளைக்கிழங்கு மூட்டையை வைக்க வந்த அண்ணை எங்கள் கதவடியில் துணியைக் கண்டிருக்கிறார். தட்டியிருக்கிறார். பதில் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், மயங்கிக் கிடந்த பிள்ளையைத் தோளுக்கடியில் பிடித்துப் படிவரை இழுத்து வந்தார். சத்தம் கேட்டு நான் ஓடினேன். "கிட்ட வராதையுங்கோ! மேலை போய் அம்புலன்சைக் கூப்பிடுங்கோ!" அந்த மனிதர் உரக்கக் கத்தியதை அன்று மட்டும்தான் கேட்டேன். நான் திரும்பி வரும்போது மகள் படியில் சாய்ந்து, ஏன் எல்லோரும் நிற்கிறார்கள் என்பதுபோல விழித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரி. ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

மகள் வீடு திரும்பிய மறுநாள் காலை அண்ணை என் கதவைத் தட்டினார். சீலைத்துண்டு தோய்த்துக் காயவைத்து நான்காக மடித்தபடி அவர் கையில் இருந்தது. "இது உங்கடை எண்டு நினைக்கிறன்" என்றார். வாங்கிக்கொண்டேன். அவர் மேலே போய்விட்டார். அது மன்னிப்பா, கண்டிப்பா, வெறுமனே ஒரு துணியைத் திருப்பிக் கொடுத்ததா, எனக்கு விளங்கவில்லை. அவர் சாகும்வரை அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மகளுக்கு இப்போது ஒரு கிராமத்தில் சொந்த வீடு, பெரிய கராஜ். அதே பெட்டியில்தான் இன்னும் ஒட்டுகிறாள். போன மாதம் வந்தபோது வடை சுடத் தொடங்கியவள், கதவடியில் வைக்க ஏதும் இருக்கிறதா என்று லாச்சியைத் திறந்து அந்தத் துண்டை எடுத்தாள். "வேண்டாம், கதவு திறந்திருக்கட்டும்" என்றேன். குரல் ஒரு மாதிரிப் போயிருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தாள். துண்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, இத்தனை வருடமும் வாய்க்குள் வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அடுப்பைக் குறைத்தாள். "அம்மா, உள்பக்கம் நானும் ஒரு துவாய் வைச்சனான். காத்து வந்தால் வாயு கலைஞ்சு ஒட்டு கறுத்துப் போகும். மேல்வீட்டு மாமா உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. எனக்கு அவர் தந்தது ஒரே ஒரு துணி. அவளுடையதை அவளிடமே கொடுத்தாரோ? அல்லது அப்படியொரு துவாயே இருக்கவில்லையோ, என் மனம் ஆறட்டும் என்று இந்தக் கணத்தில் நெய்து தருகிறாளோ?

"அந்தத் துவாய் இப்ப எங்கை?" என்று கேட்டேன்.

"பழைய துவாயை ஆரும் இவ்வளவு காலம் வைச்சிருப்பினமே?" என்று சிரித்தாள். அவளுடைய பார்வை என் கையிலிருந்த மஞ்சள் துண்டில் விழுந்ததும் சிரிப்பு நின்றது. வடை மணம் திறந்த கதவால் படிக்கட்டில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. துண்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் நின்றேன்.