வழுக்குப் பாறையில் ஒரு படம்

ஸெய்னுலாப்தீன் நானா மாத்தளையில் எங்கள் தெருப் பள்ளிவாசலின் மோதினார். ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்வது அவர் வேலை. யாரும் சொல்லாமலே செய்யும் வேலை இன்னொன்று உண்டு. வாசலில் தாறுமாறாகக் கிடக்கும் செருப்புகளைச் சோடி சோடியாகச் சேர்த்து வைப்பார். கல்யாண வீட்டிலும் குனிவார். தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்தபோதும் குனிந்தார். "நானா, செருப்புக் கட போடலாமே" என்று கேலி செய்யாத ஆள் எங்கள் ஆட்டோ நிறுத்தத்தில் இல்லை. நானும் செய்திருக்கிறேன்.

அவருக்கு ஒரே மகன், ஹஸீப். இருபத்திரண்டு வயது, போன் கடையில் வேலை. லீவு நாளில் நாலந்தாக் குளத்துக்குப் போய், வெயில் சாயும் நேரத்தில் பாறைகளைப் படம் எடுப்பான். போன மாதம் அப்படிப் போனவன் இருட்டியும் வரவில்லை. தேடிப் போனவர்களில் முதலில் கரைக்கு இறங்கியவர் நானாதான். பாறையில் செருப்பு ஒன்று அங்கே, ஒன்று இங்கே. மகன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே, என்ன செய்கிறோம் என்று தெரியாமல், குனிந்து இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டார். பிறகு வந்த பொலிஸார் அதைத்தான் படம் எடுத்தார்கள். உடல் மறுநாள் கிடைத்தது. அவனுடைய போன் கிடைக்கவே இல்லை.

செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தவன் தவறியா விழுந்தான் என்று ஊர் கேட்டது. முந்தின கிழமைதான் அவனுடைய கட்டார் விசா இல்லையென்று ஆகியிருந்தது. ஊர் வாய்க்கு அது போதாதா! நானா பொலிஸில் நடந்ததைச் சொன்னார். "வாப்பா அப்படித்தானே சொல்வார்" என்று விட்டுவிட்டார்கள். மனைவி றஹீமா அக்காவும் நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தார். "என்னய வேணாம்னு போற அளவுக்கு நான் என்ன கொற வெச்சேன்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டபடியே கிடந்தார். சோறு இறங்கவில்லை. இப்படியே போனால் இவளையும் அடக்க வேண்டி வரும் என்று நானா என்னிடம் சொன்னார்.

திடீர் மரண விசாரணையின் கடைசித் தவணை வியாழக்கிழமை. அவன் நின்ற பாறையில், தண்ணீருக்குச் சற்று மேலே பாசி படிந்திருந்தது. பின்னேர வெயில் நேரே அடித்தால் பாசி கண்ணுக்குத் தெரியாது. பாறை காய்ந்தது போல மினுங்கும். வெயிலில் பாறை அப்படி ஏமாற்றுவதைப் படம் எடுத்துக் காட்டினால், தவறித்தான் விழுந்தான் என்று விசாரணையிலும் நம்புவார்கள், றஹீமாவும் நம்புவாள் என்பது நானாவின் எண்ணம். ஆனால் குளம் வற்றிக்கொண்டே வந்தது. பாசி காய்ந்துவிட்டால் எல்லாம் போயிற்று. பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் நானா என் ஆட்டோவில் ஏறுவார். அந்தி மஃரிப் பாங்குக்குள் திரும்பிவிட வேண்டும். நான்கு நாள் போனோம், நான்கு நாளும் மேகம். பாழாய்ப்போன வெயில், மற்ற நேரமெல்லாம் மண்டையைப் பிளக்கும்.

புதன்கிழமை ஐந்தரை ஆகியும் மேகம் விலகவில்லை.

"பாங்குக்கு நேரமாச்சு நானா."

"பக்கத்துக் கட லாபிர் சொல்லுவாரு. நீ இரு."

பத்தொன்பது வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

சொல்லி வாய் மூடவில்லை, வெயில் வந்தது. பாறை முழுக்க மினுங்கியது. நானா அடுத்தடுத்துப் பத்துப் படம் எடுத்தார். பார்த்தால் எல்லாவற்றிலும் வெறும் வெள்ளை.

"இதுல ஒண்ணுமே வெளங்கலையே பொன்னையா. இதக் காட்டி என்னன்னு சொல்லுவேன்?"

பிறகு போனை என் கையில் திணித்தார்.

"நான் எறங்குறேன். வழுக்குற நேரம் பாத்து எடு. என்னயப் புடிக்காத."

"ஒங்களுக்கு நீச்சல் தெரியாதே நானா! பைத்தியமா?"

"புடிக்காதன்னு சொல்லிட்டேன்."

வெறுங்காலோடு இறங்கினார். ஒரு எட்டு, இரண்டு எட்டு. மூன்றாவதில் கால் பறந்தது. போனைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். இடுப்புவரை தண்ணீருக்குள் போயிருந்தவரை இழுத்து மேலே போட்டேன். பயத்தில் எனக்கு அழுகை வந்தது.

"ஏன் புடிச்ச?" என்று கத்தினார். "எடுன்னுதானே சொன்னேன்? நாளைக்கு அவளுக்கு எதக் காட்டுவேன்?"

"நான் பாத்தேன் நானா. நாளைக்கு வந்து சொல்றேன்."

"நீ என் கூட்டாளி. ஒன்னய யாரு நம்புவா?"

வெயில் இறங்கிவிட்டது. போனின் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. நானா பாறையில் குந்தியிருந்தார், உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது.

"அன்னைக்கு இங்க யாராச்சும் ஒருத்தர் நின்னிருந்தா, அவனையும் இப்படித்தானே புடிச்சிருப்பாங்க?"

"ஆமா நானா. புடிச்சிருப்பாங்க."

மகனை அடக்கிய நாளில்கூட அழாத மனிதர் அப்போது வாய்விட்டு அழுதார். நான் அவர் கையை விடவில்லை.