அம்மா தட்டி வைத்த பக்கம்

கரியாலூரில் மாலை நான்கு மணிக்கு மேகம் பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிடும். நான் ஜன்னலைச் சாத்துவதில்லை. அது மேசைமேல் ஏறி, விடைத்தாள்களை நனைத்து, அம்மாவின் மடிக்கணினியைச் சுற்றிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில்தான் இணையத்தில் இருக்கும் ஒரு மின்னஞ்சல் குழுவுக்கு எழுதுவேன். தூக்கத்தில் பேசுவதுபோல இருக்கும்.

அம்மா கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் தட்டச்சு வேலை பார்த்தவள். கல்யாணப் பத்திரிகை, மனு, காதுகுத்து அழைப்பு என்று ஊருக்கெல்லாம் தட்டியது போக, வீட்டில் தனக்கென்றும் கொஞ்சம் தட்டி வைத்திருந்தாள். அந்த ஃபோல்டருக்கு 'சும்மா' என்று பெயர். அவள் இருந்தவரை நான் அதைத் திறந்ததில்லை. போன வருஷம் அவள் போனபிறகு திறக்கத் தைரியம் வரவில்லை.

அந்தக் கணினியில் இருந்தது யாரோ போட்டுக்கொடுத்த ஒரு இயங்குதளத்தின் திருட்டுப் பிரதி. பொத்தானை அழுத்திவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவு. நான் கணக்கு டீச்சர். விடையை மட்டும் எழுதினால் பாதி மார்க், வழியையும் எழுதினால்தான் முழு மார்க் என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவள். மூடி வைத்த நிரல்துண்டு ஒன்றுகூட இல்லாத இயங்குதளம் ஒன்று இருக்கிறது, யாரும் அதன் உள்ளே படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம் என்று படித்ததும் பிடித்துப்போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழையதை அழித்துவிட்டு அதைப் போட்டேன். வைஃபை வேலை செய்யவில்லை. அதற்கு வேண்டிய மென்பொருள் பூட்டி வைக்கப்பட்டதாம், அதனால் இதில் சேர்க்க மாட்டார்களாம். இணையத்துக்காகப் போனைக் கேபிளில் செருகி ஜன்னல் கட்டையில் வைத்தேன். சிக்னல் இஷ்டத்துக்கு வரும், போகும்.

அப்புறம் ஒருவழியாக 'சும்மா'வைத் திறந்தேன். பக்கம் பக்கமாக அடைப்புக்குறியும் காற்புள்ளியும், கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும். அம்மா தட்டியது யூனிகோடுக்கு முந்தைய ஒரு ஃபாண்டில். அந்த ஃபாண்ட் கணினியில் இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். பழையதை அழிக்கும் முன் கோப்புகளையெல்லாம் பத்திரமாக நகல் எடுத்தவள், ஃபாண்ட் கூடவே வந்துவிடும் என்று நினைத்து அதை விட்டுவிட்டேன். அவள் குரலை நானே அழித்துவிட்டேன். அன்று சோறு இறங்கவில்லை.

அந்த இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் குழு உண்டு. ஃபாண்ட் எங்கே கிடைக்கும் என்று அதில் கேட்டேன். முகம் தெரியாத ஒரு தமிழ்ப் பெண் பதில் எழுதினாள்: "எங்க கிடைக்கும்னு எனக்குத் தெரியுங்க. ஆனா அது பூட்டுப் போட்ட ஃபாண்ட், திருத்தவோ மத்தவங்களுக்குக் குடுக்கவோ உரிமை இல்லை. அதுக்கெல்லாம் இந்தக் குழுவுல வழி சொல்றதில்லை. அது இல்லாமலே படிக்க ஒரு நிரல் எழுதலாம், வாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வழி தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்கிறவளை என்ன செய்வது? "இன்னா ஜனங்க இவங்க" என்று கணினியை மூடினேன். சனிக்கிழமை இறங்கிப்போய்க் கள்ளக்குறிச்சியில் கடை கடையாகக் கேட்டேன். அம்மா வேலை பார்த்த கடையே இல்லை. மற்றவர்களிடம் அந்த ஃபாண்ட் இல்லை. திங்கட்கிழமை மேகம் வந்தபோது நானும் குழுவுக்குத் திரும்பி வந்தேன்.

அந்தப் பெண் மாதிரிக்கு ஒரு பக்கம் கேட்டாள். யாருக்குப் புரியப்போகிறது என்று 'சும்மா'விலிருந்து கைக்கு வந்த ஒரு பக்கத்தை எல்லாரும் பார்க்கிற குழுவிலேயே போட்டுவிட்டேன். எந்தக் குறி எந்த எழுத்து என்று கண்டுபிடிக்க, பீரோவில் கிடந்த ஒரு திருநாவலூர் கல்யாணப் பத்திரிகை உதவியது. அச்சான பத்திரிகை ஒரு கையில், அம்மா தட்டிய அதே பத்திரிகை திரையில். எனக்குத் தெரியாத மாப்பிள்ளை, எனக்குத் தெரியாத பெண், அவர்களுடைய தாய்மாமன்கள் எல்லாரையும் எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பட்டியல் போட்டேன். பனியில் அந்தக் கல்யாணத்துக்கே போய்வந்த மாதிரி இருந்தது. அந்தப் பட்டியலை வைத்து அந்தப் பெண் நிரலை எழுதினாள்.

ஒரு மாலை, அத்தனை பேருக்கும் முன்னால், நான் போட்ட பக்கம் குழுவில் தமிழாக வந்தது, மூன்றே வரி:

"பாப்பாவுக்கு மலைல வேலை கெடச்சிருச்சி. போய்ட்டு வாம்மான்னு சிரிச்சிக்கினே பஸ் ஏத்திவுட்டேன். வூட்டுக்கு வந்து, மறந்துபோயி ரெண்டு பேருக்கு சோறு வடிச்சிட்டேன்."

அந்தச் சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. பெற்றவளுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லையே என்று மலை ஏறும் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவள் நான். மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

அந்தப் பெண் தனியாக எழுதினாள்: "சொந்த விஷயம்னு தெரியாம போட்டுட்டேன், மன்னிச்சிருங்க. எடுத்துடட்டுமா?"

இருக்கட்டும் என்றேன்.

நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று வெளியிட்டோம். இப்போது எங்கோ ஒருவர் அதைத் திருத்தினால், அது முதலில் சோதனைக்கு அம்மாவின் அந்த மூன்று வரிகளைச் சரியாகப் படித்துக் காட்ட வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் திருத்தத்தைச் சேர்ப்பதில்லை. சில மாலைகளில் சோதனை தேறியது என்று எனக்கு அறிவிப்பு வரும். அம்மா இன்னொரு முறை ரெண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நான் சாப்பிடப் போவேன்.