முருங்கைக்காய் வாங்கிய நாள்

கைபேசியில் வேறு கடைகளின் விலையைப் பார்த்தபடியே, ஸ்டுட்கார்ட் தமிழ்க் கடையில் முருங்கைக்காயைச் சுற்றியிருந்த ஈரத்தாளைப் பிரித்தேன். அந்தப் பச்சை வாசத்தில் எனக்கு மீண்டும் எட்டு வயது.

தம்பி அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தான். அம்மாவுக்கு எதைச் சாப்பிட்டாலும் வாந்தி.

"மனுசி ஆசைப்பட்டுக் கேக்கிறா. ஆனால் இந்த விலை அநியாயம், அண்ணை!" என்றார் அப்பா, கடைக்காரரிடம்.

"பிளேனிலை வந்த சாமான். எங்களைப்போலை எல்லை தாண்டி நடந்தே வந்தது?" என்றார் கடைக்காரர். "வேணுமெண்டால் வேறை கடையைப் பாருங்கோ."

அப்பா காய்களை வைத்துவிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு பக்கத்து நகரத்துக்குக் காரோட்டினார். அங்கே விலை மலிவு, காய்தான் முடிந்திருந்தது.

திரும்பி வந்தபோது அதே காய்களைக் கடைக்காரர் தனியே கட்டி வைத்திருந்தார்.

"வீட்டிலை அக்காவுக்கெண்டு எடுத்து வைச்சனான்," என்றார் அப்பாவிடம். விலையைக் குறைக்கவில்லை.

அன்று அம்மா இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டார். அப்பா குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டார், காயைத் தொடவில்லை.