அப்பா முழுக்கு எடுத்த ஞாயிறு

எங்க வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர்தான். சாம்பியன் ரீப்ஸ்ங்கிற ஊர்ல தங்கச் சுரங்க வேலைக்காரங்களுக்குக் கட்டின லைன் வீடுங்க அப்படித்தான். அந்தப் பக்கம் தாளிச்சா இந்தப் பக்கம் தும்மல் வரும். இப்போ பெங்களூர்ல பக்கத்து ஃப்ளாட்டுல யாருன்னே எனக்குத் தெரியாது. அந்த ஒட்டுச் சுவரை நினைச்சா ஏக்கமாத்தான் இருக்கு.

ஆனா அந்தச் சுவருக்கு ரெண்டு பக்கமும் அண்ணனும் தம்பியும் வருஷக்கணக்கா பேசாமக் கிடந்தாங்க. தாத்தா செத்தப்போ மூத்த மகன் அப்பாதான் கொள்ளி வைக்கணும். அப்பா அதுக்குள்ள ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பிச்சிருந்தார். "என்னால முடியாது"ன்னு வீட்டுக்குள்ள உட்கார்ந்துட்டார். சித்தப்பா மொட்டையடிச்சு, தானே கொள்ளி வெச்சுட்டு வந்து, அதோட பேச்சை நிறுத்திட்டார்.

பின்னாளில் அப்பா முழுக்கு ஞானஸ்நானம் கேட்டப்போ பாஸ்டர் இதைத்தான் பிடிச்சுக்கிட்டார். "யாரோட மனஸ்தாபமோ, போய் ஒப்புரவாகிட்டு வாங்க ஐயா. அப்புறம் தண்ணியில இறங்கலாம்." எனக்கு வந்ததே கோபம்! மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறது சித்தப்பா, மனந்திரும்ப வேண்டியது அப்பாவா?

அப்பாவோட திண்டாட்டம் வேற. "கொள்ளி வெக்காதது தப்புன்னா என் விசுவாசம் பொய்யாயிடும். தப்பில்லன்னா அவன்கிட்ட போய் இன்னாத்த சொல்றது?" அம்மாகிட்ட இதையே சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டார். சுரங்கத் தூசி கொடுத்த நெஞ்சுச் சளி முத்திக்கிட்டே போச்சு. முழுக்கு எடுக்காமலே போயிடுவாரோன்னு பயந்துட்டேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். சண்டை வந்தா விலக்கலாம்னு நானும் பின்னாடியே போனேன். சித்தப்பா வாசல்ல சைக்கிள் துடைச்சுக்கிட்டிருந்தார். நிமிரவே இல்ல.

"கொள்ளி வெக்காததுக்கு நான் வருத்தப்படல"ன்னார் அப்பா. "ஆனா சுடுகாட்டுல நீ தனியா நின்னப்ப பக்கத்துல வந்து நின்னிருக்கணும். வூட்ல உக்காந்துகினு இருந்துட்டேன். அது என் தப்புடா."

சித்தப்பா துணியை உதறிக்கிட்டு உள்ளே போயிட்டார். இதெல்லாம் ஒரு மனுஷனான்னு திட்டிக்கிட்டே அப்பாவைக் கூட்டிட்டு வந்தேன். "நீங்க போனீங்கல்ல ஐயா, போதும்"னு பாஸ்டர் சொல்லிட்டார்.

மறுநாள் சபைக்குப் பின்னாடி சிமெண்ட் தொட்டியில டேங்கர் தண்ணி ரொப்பினாங்க. அப்பா வெள்ளை வேட்டியோட இறங்கி, முழுகி, இருமிக்கிட்டே மேல வந்தார். எல்லாரும் கைதட்டிப் பாடிக்கிட்டிருந்தாங்க. கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு, நெத்தி நிறைய திருநீறோட சித்தப்பா வந்தார். இங்கேயும் சண்டைதான்னு நினைச்சு அப்பா பக்கத்துல போய் நின்னேன்.

"சளிக்காரன ஈரத்தலையோட நிக்க வெச்சிகினு பாட்டு பாடறீங்களே, கொஞ்சமாவது யோசனை இருக்கா?"ன்னு பாஸ்டரையே கேட்டார். தோள்ல இருந்த துண்டை எடுத்து அப்பா தலையைத் துவட்ட ஆரம்பிச்சார். அப்பா தலையைக் குனிஞ்சு கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில சாட்சி சொல்லணும். தண்ணியில இறங்கினப்போ தேவன் உள்ளத்துல செஞ்சதைச் சொல்லுங்கன்னு பாஸ்டர் மைக்கைக் கொடுத்தார். அப்பா அதை வாங்கிக்கிட்டார்.

"தண்ணிக்குள்ள இன்னா நடந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. மேல வந்தேன், என் தம்பி தலை துவட்டினான்"னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டார்.